பேக்கப் எடுத்தியா மச்சி?

ராத்திரி பதினோரு மணி. ஹாஸ்டல் இரண்டாவது மாடி. நாளை மறுநாள் கல்ச்சுரல்ஸ். எங்கள் பேண்டின் லீட் கிட்டாரிஸ்ட் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் கிட்டாரை வைத்துக்கொண்டு என்னையே முறைக்கிறான். தரையில் அவனுடைய எஃபெக்ட்ஸ் பெட்டி. அதன் ஸ்க்ரீனில், கடையில் வாங்கின அன்றைக்கு இருந்த அதே பெயர்கள் வரிசையாகப் பளபளக்கின்றன. அவன் இரண்டு வருஷமாகச் செதுக்கி வைத்திருந்த நாற்பது சொச்சம் டோன்களில் ஒண்ணுகூட இல்லை. காரணம்? ஐயாதான்!

போன செமஸ்டரில் நடந்த கூத்து இது. பக்கத்து காலேஜ் நண்பன் ஆசையாக ஒரு ப்ரீசெட் அனுப்பியிருந்தான். எங்க பெட்டி அதைத் திறக்க மாட்டேன்னு அடம்பிடிச்சுது. புது வெர்ஷனில் செய்தது, உன் வெர்ஷன் பழசு என்றது. "இவ்ளோதானே, ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணிட்டா முடிஞ்சுது"ன்னு குதிச்சது நான்தான். இ.சி.இ. மூணாவது வருஷம் படிச்சுக்கிட்டு இதுகூடப் பண்ணலைன்னா என்னாவது நம்ம மானம்? அப்டேட் பத்து நிமிஷத்தில் சுபமாக முடிந்தது. கடைசியில் 'ஃபேக்டரி ரீசெட் செய்யவும்' என்று ஒரு வரி. செய்தேன். இதோ, முறைக்கிறான்.

எந்தக் கம்பெனி பெட்டின்னு கேட்காதீங்க. அந்த வரிக்கு மேலேயே 'முதலில் பேக்கப் எடுக்கவும்'னு தெளிவா போட்டிருந்தான். படிக்காதது நம்ம தப்பு.

கிட்டார் பக்கமே போகாதவர்களுக்கு ஒரு நிமிஷம். ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, டிஸ்டார்ஷன், டிலே, ரிவெர்ப் என்று ஒரு ஆட்டோ நிறையச் சாமான் தர்ற சத்தத்தைக் கணக்குப் போட்டே வரவைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்தான் மாடலர். நம்ம டி.எஸ்.பி. சிலபஸில் அரியர் வைக்கிற அதே ஃபில்டர், அதே கன்வல்யூஷன். அந்தக் கணக்கு ஃபர்ம்வேரில் இருக்கும். 'இந்தப் பாட்டுக்கு கெயின் இவ்வளவு, டிலே இவ்வளவு' என்று நீங்க திருகி வைத்த எண்கள் ப்ரீசெட்டில் இருக்கும். இதுதான் சூட்சுமம். ப்ரீசெட்டுக்குள்ள சத்தம் கிடையாது, வெறும் எண்கள்தான். சமையல் குறிப்பு மாதிரி. அடுப்பு, பாத்திரம் எல்லாம் ஃபர்ம்வேர்.

சும்மா அப்டேட் பண்ணினால் பல பெட்டிகளில் ப்ரீசெட் போகாது. இரண்டும் மெமரியில் வேற வேற இடம். ஆனால் புது ஃபர்ம்வேரில் ஒரு ஆம்புக்கு இரண்டு குமிழ் கூடுதலாக வந்துவிட்டது என்று வையுங்கள். பழைய குறிப்பில் அதற்கு எண்ணே இருக்காது. அதனால் பெட்டி ஒவ்வொரு ப்ரீசெட்டையும் புது அமைப்புக்கு மாற்றி எழுதும். பழைய செட்டிங்ஸ் மிச்சம் எதுவும் இடையில் வந்து குழப்பக் கூடாதுன்னுதான் ரீசெட் பண்ணச் சொல்றாங்க. நம்ம டோன் சாகிறது அந்த ரீசெட்டில்தான். அப்டேட் பாவம், அப்பாவி.

நாம கொடுத்து வெச்சவங்க பாஸ். 1998-ல் லைன் 6 கம்பெனி 'பாட்'னு சிவப்பா, அவரைக்கொட்டை ஷேப்பில் ஒரு மாடலர் விட்டது. அதை 'பாட் 2.0' ஆக்கணும்னா பெட்டியைத் திறந்து, சிப்பையே கழற்றிவிட்டு வேறு சிப் மாட்ட வேண்டும்!

சரி, கட்டிலுக்கு வருவோம். வேற வழியில்லாம பேண்டை ஆரம்பிச்ச சீனியருக்கு போன் போட்டோம். படிப்பை முடிச்சுட்டு பெங்களூரில் வேலை பார்க்கிறார். முழுக் கதையும் கேட்டுட்டு ஒரே கேள்வி: "பேக்கப் எடுத்தியா மச்சி?" இந்தப் பக்கம் மயான அமைதி. பன்னிரண்டரைக்கு அவர்கிட்டேயிருந்து ஒரு ஃபைல் வந்துச்சு. காலேஜில் இருந்தப்போ இதே மாடல் பெட்டியில் அவர் செய்த டோன்கள், பழைய பென் டிரைவிலிருந்து. புதுசில் செய்ததைப் பழைய பெட்டி திறக்காதே தவிர, பழசைப் புதுசு திறக்கும். திறந்தது!

ஆனா அது இரண்டு வருஷத்துக்கு முந்தின குறிப்பு. எங்க ஆள் அப்புறம் சேர்த்த டிலே எல்லாம் அதில் ஏது? போன கச்சேரியை யாரோ மொபைலில் எடுத்த வீடியோவை வைத்துக்கொண்டு தட்டித் தட்டி டெம்போ பார்த்தோம். நிமிஷத்துக்கு 100 பீட். 60,000 மில்லி செகண்டை 100-ஆல் வகுத்தால் ஒரு பீட்டுக்கு 600. அவன் வாசிக்கிறது புள்ளி வைத்த எட்டாம் நோட்டு டிலே, அதாவது முக்கால் பீட். 450 மில்லி செகண்ட். போட்டதும் முதல் தடவையா அவன் முகத்தில் லேசா வெளிச்சம். இப்படியே விடிய விடிய ஆறு டோன் தேற்றினோம். ஆறு பாட்டுக்கு ஆறு. மிச்சம் முப்பது சொச்சம் போனது போனதுதான். அதில் ஒண்ணு அவன் முதலாமாண்டில் முதல்முதலா செஞ்சது. அதைப் பற்றி அவன் ஒண்ணுமே சொல்லலை. சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

இரண்டு மாசம் கழிச்சு எங்க பேஸ் கிட்டாரிஸ்ட் தன் எச்.எக்ஸ். ஸ்டாம்பை அப்டேட் பண்ணணும்னு வந்தான். 2018-ல் லைன் 6 கொண்டுவந்த குட்டிப் பெட்டி. 126 ப்ரீசெட் கொள்ளும். 2020-ல் வந்த 3.0 ஃபர்ம்வேர், ஒரு ப்ரீசெட்டில் ஆறு எஃபெக்ட்தான் என்றிருந்ததை எட்டாக்கியது. காசு வாங்காமலே இரண்டு பெடல் கொடுத்த மாதிரி. அப்டேட்டை நாம விடாம துரத்துறதுக்குக் காரணமே இதுதானே!

இந்த முறை ரிலீஸ் நோட்ஸை செமஸ்டருக்குப் படிக்கிற மாதிரி வரி வரியா படிச்சேன். கம்ப்யூட்டரில் எச்.எக்ஸ். எடிட் என்ற இலவச சாஃப்ட்வேர். அதில் ஃபைல் மெனுவில் பேக்கப். ப்ரீசெட், செட்டிங்ஸ் எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடும். மூட்டைக்குத் தேதி போட்டுப் பெயர் வைத்து, லேப்டாப்பில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, எனக்கே மெயிலில் ஒன்று. உயிருக்கு உயிரான நாலைந்து ப்ரீசெட்டைத் தனித்தனி ஃபைலாகவும் எடுத்துக்கொண்டேன். ஒரு மூட்டை கெட்டுப்போனா எல்லாமே போயிடும் இல்லையா?

ஐ.ஆர். விஷயத்தில்தான் நிறைய பேர் வழுக்குவாங்க. இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ஒரு நிஜ ஸ்பீக்கர் பெட்டி எப்படி ஒலிக்குதுன்னு பிடிச்சு வெச்ச குட்டி ஆடியோ ஃபைல். இந்தப் பெட்டியில் அதிகபட்சம் 2048 சாம்பிள், 48 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் 43 மில்லி செகண்ட்கூட வராது. அது ப்ரீசெட் ஃபைலுக்குள் இருக்காது. 'அந்த ஐ.ஆரைப் போடு' என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். ப்ரீசெட்டைத் திருப்பி வைத்து, ஐ.ஆரை மறந்தால் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் டப்பாவில் அடைத்த தேனீ மாதிரி கத்தும். 'அப்டேட் டோனைக் கெடுத்துடுச்சு'ன்னு புலம்புறவங்களில் பாதிப் பேர் ஐ.ஆர். ஃபோல்டரைத் தேட வேண்டியவங்கன்னு என் சந்தேகம்.

அப்புறம் கரண்ட். ஃபர்ம்வேர் எழுதும்போது பாதியில் போனால் பெட்டி முழிக்கும். பெரும்பாலும் செத்துப்போகாது. பல பெட்டிகளில் ஏதாவது பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஆன் செய்தால் அப்டேட் மோடு வரும். ஆனாலும் அந்தப் படபடப்பு எதுக்கு? ஹாஸ்டல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பாமல் லேபில் யு.பி.எஸ். இருக்கிற ப்ளக்கில் செருகினோம். லேப்டாப் தூங்கிவிடாதபடி ஸ்லீப் மோடு ஆஃப். யு.எஸ்.பி. வயர் நேரா லேப்டாப்பில், நடுவில் ஹப் கிப் எதுவும் கிடையாது. அப்டேட்டுக்கு முன்னாடி அவனை ஒரே லைனை வாசிக்கச் சொல்லி ரெக்கார்டும் பண்ணிக்கிட்டேன், பின்னாடி ஒத்துப் பார்க்க.

அப்டேட். ரீசெட். எல்லாம் காலி. தெரிஞ்சே பண்ணினாலும் வயிற்றில் ஒரு கலக்கு கலக்கத்தான் செய்யுது! மூட்டையைப் பிரித்து ரெஸ்டோர். பெட்டி கொஞ்ச நேரம் ப்ரீசெட்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வந்துசேர்ந்தன. கைதட்டல்!

அவன் வாசித்தான். முகம் சுருங்கிச்சு. "இது என் சவுண்டு இல்லடா."

பழைய ரெக்கார்டிங்கைப் போட்டுக் கேட்டோம். நிஜமாகவே வேற. பழசில் அடி சுத்தமா இருந்துச்சு, இப்போ கும்முன்னு மொத்தியது. கால் மணி நேரம் வியர்த்துக் கொட்டின பிறகு புரிந்தது. ரெஸ்டோர் செய்யும்போது எதையெல்லாம் திருப்பி வைக்கணும்னு ஒரு டிக் லிஸ்ட் வரும். அதில் குளோபல் செட்டிங்ஸை விட்டுட்டேன். எங்க ஆடிட்டோரியத்தின் இரைச்சலுக்காக அவன் குளோபல் இ.க்யூ.வில் அடியை வெட்டி வெச்சிருந்தது அப்படியே போயிருக்கு. மறுபடி ரெஸ்டோர், இந்த முறை டிக்கோடு. வாசித்தான். சிரித்தான்.

லீட் கிட்டாரிஸ்ட் கதவோரமா நின்று எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு இருந்தான். "எல்லாம் வந்துடுச்சா?" என்றான். "நூத்தி இருபத்தாறும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, தன் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரூமுக்குப் போய்ட்டான்.