அடித்தளமும் மேற்பூச்சும்

வழிகாட்டுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த பெருமை தமிழுக்கு உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என ஊர் ஊராக வழி உரைக்கின்றது. அவனது கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். வழியைப் பாடிய இம்மண்ணில் வாழும் நாம், வழியை அமைத்துக் காக்கும் கலையைப் பற்றியும் சிந்தித்தல் தகும்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் சாலையும், பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையும் கோலியனூரில் பிரிகின்றன. கரும்பு வண்டிகளும் சரக்கு லாரிகளும் பேருந்துகளும் ஓயாது கடக்கும் கூட்டுச் சாலை இது. இங்கிருந்து கிழக்கே புதுவையை அடைந்தால் அரிக்கமேடு அருகிலேயே உள்ளது. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் அங்கே ரோமானிய மதுச்சாடிகளும் மட்கலங்களும் வெளிப்பட்டன. ரோமானிய வணிகப் பொருள்கள் கடல் வழியே நம் கரைக்கு வந்தன. அம்மக்கள் தம் நாட்டில் அமைத்த சாலைகளோ இன்றும் உலகுக்குப் பாடம் புகட்டுகின்றன.

கி.மு. 312இல் அப்பியஸ் கிளாடியஸ் என்பவர் ரோமிலிருந்து கப்புவா வரை அமைக்கத் தொடங்கிய அப்பியன் சாலை, 2024இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அதன் உறுதிக்குக் காரணம் யாது? கெட்டியான மண் தென்படும்வரை பள்ளம் தோண்டினர். பெருங்கற்களை அடியில் பரப்பி, அவற்றின்மேல் சிறு கற்களையும் சரளையையும் இட்டு இறுக்கினர். முக்கியமான பகுதிகளில் கற்பலகைகளைப் பதித்தனர். நடுப்பகுதியை உயர்த்தி இரு ஓரங்களையும் சரித்தனர். பக்கங்களில் வடிகால் வெட்டினர். நீர் சாலையின் மேலும் தங்கலாகாது, அடியிலும் தங்கலாகாது என்பதே அவர்கள் கண்ட நெறி.

பழமை என்பதற்காக அதனைக் கண்மூடிப் போற்றுதல் நம் கருத்தன்று. அச்சாலைகள் சுமந்தவை மாட்டு வண்டிகளையும் குதிரைகளையுமே. அரசாங்கச் சுமை வண்டிக்கு 1500 ரோமானிய இராத்தல், அதாவது ஏறத்தாழ 490 கிலோ, என உச்ச வரம்பு விதித்த சட்டமும் பிற்காலத்தில் இருந்தது. இன்றோ லாரியின் நான்கு சக்கரப் பின்னச்சு ஒன்றின்மீது மட்டும் 11.5 டன் வரை நம் நாட்டில் 2018 முதல் அனுமதி உண்டு. அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பதை, 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் நடைபெற்ற சோதனை புலப்படுத்தியது. மேலும், ரோமானியச் சாலைகள் தாமாகவே நிலைத்தவை அல்ல. பெருஞ்சாலைகளைக் கண்காணிக்க அகஸ்டஸ் காலம் முதல் அதிகாரிகள் இருந்தனர். பழுது நீக்கிய பேரரசர்களின் பெயர்கள் மைல் கற்களில் பொறிக்கப்பட்டன. பெயர் பொறிக்கப்பட்டபோது பொறுப்பும் பொறிக்கப்பட்டது.

இஸ்லாமிய வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் துணைவியார் ஜுபைதா அம்மையார் கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் பாலைவழியில் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் அமைக்கப் பொருள் வழங்கினார். 831இல் அவர் மறைந்த பின்னும் அவ்வழி அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1540 முதல் 1545 வரை ஆண்ட ஷேர்ஷா பெருஞ்சாலை நெடுகச் சத்திரங்கள் கட்டினார். நிழல் மரங்கள் நட்டார். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

நம் ஊர்த் தெருக்களின் நிலை யாது? பழைய தாரின்மேல் புதுத்தார் இடுகின்றோம். தெரு உயர்கின்றது, வீட்டு வாசல் பள்ளமாகின்றது, மழைநீர் வீட்டுக்குள் புகுகின்றது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச் சாலை இட வேண்டுமெனத் தமிழகத் தலைமைச் செயலாளர் 2021 மே மாதத்தில் அறிவுறுத்தினார். எனினும் அதனை வற்புறுத்திக் கேட்கும் குடிமக்கள் எத்தனை பேர்? 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் நம் மாவட்டம் வெள்ளக்காடாயிற்று; சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே அரசூர் அருகில் துண்டிக்கப்பட்டது. அத்தகைய பெருவெள்ளத்தை எந்தத் தெருவோர வடிகாலும் தடுத்துவிடாது என்பது உண்மையே. ஆயினும் வடிகாலின்மேல் படிக்கட்டும் கடைத் திண்ணையும் கட்டிவிட்டுச் சிறுமழைக்கும் அரசை நோவது எவ்வகையில் நேர்மை?

பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் சாலை இட்ட ஒப்பந்தக்காரரே 5 ஆண்டுகள் அதனைப் பராமரிக்க வேண்டும் என்பது விதி. அவ்விதி ஊராட்சித் தெரு ஒவ்வொன்றுக்கும் விரிவுபடுத்தப்பட வேண்டும் என்பது நம் கருத்து. பணி முடிந்த நாள், அடித்தளத்தின் கனம், பொறுப்பாளரின் பெயர், பொறுப்புக் காலம் ஆகியவற்றைத் தெருமுனையில் கல்லில் பொறித்து வைத்தல் வேண்டும். கிராம சபையில் சாலை கேட்கும் பெரியோர்கள் வடிகாலை முதலில் கேட்பார்களாக. மாணவச் செல்வங்கள் தம் தெருவின் வடிகாலை மறித்திருப்பவற்றைக் கணக்கெடுத்து ஊராட்சியிடம் அளிப்பார்களாக. அப்பணிக்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. பொதுநலத்தில் அக்கறை இருந்தால் போதும்.