விளக்கைத் தணித்து வையுங்கள்

ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலைக்கு ஏறி, அண்மையில் ஒரு மலையாளிக் குடும்பத்தின் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். இங்கே மலையாளி என்றால் கேரளத்தவர் அல்லர். இந்த மலையின் பழங்குடிகள். வீட்டை ஒட்டி மண்சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, விருந்தாளிகளுக்கென்று இரண்டு அறைகள் கட்டியிருக்கிறார்கள். அறையைப் பெருக்குவது மகன், அடுப்பைப் பார்ப்பது மருமகள். சொந்தக் காட்டில் விளைந்த சாமையைச் சோறாக்கிக் கொள்ளு ரசம் ஊற்றினார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் பாட்டி திண்ணை விளக்கை அணைத்தார். "வெளக்கு எரிஞ்சா வானம் தெரியாது கண்ணு" என்றார்.

வானியல் அறிஞர் வைணு பாப்பு வானாய்வகம் அமைக்க இதே மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்ததும் இந்த இருட்டுக்காகத்தான். 1977இல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதற்கான தடயம் அங்கே பதிவானது. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. ஆய்வகத்துக்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. சாமையும் தேனும் புளியும் போல இருட்டும் இந்த மலையின் விளைச்சல்தான்.

அதனால்தான் இங்கே விடுதி கட்டுவது யார் என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியூர்ப் பணம் வந்து நிலத்தை வளைத்தால், மலை முழுக்க ஒளிவிளக்கு எரியும். நிலத்துக்காரர் அதே வாசலில் காவலாளியாக நிற்பார். குடும்பமே நடத்தினால் அறை இரண்டோடு நிற்கும். உழவும் நிற்காது, விருந்தாளி தரும் பணமும் மலையிலேயே தங்கும்.

பழங்குடி வீடுகளில் விருந்தினர் தங்க 1,000 இல்லங்களை உருவாக்க மத்திய அரசிடம் ஒரு திட்டம் உண்டு. புதிதாகக் கட்ட 5 லட்சம் ரூபாய் வரை, இருக்கும் வீட்டைச் சீரமைக்க 3 லட்சம் வரை உதவி. இந்த மலையின் புதூர்நாட்டிலும் நெல்லிவாசலிலும் உள்ள குடும்பங்களுக்கு அது கிடைக்கவேண்டும். கூடவே ஒரு நிபந்தனையும் வேண்டும்: வாசல் விளக்கு தரையைப் பார்த்தபடி இருக்கட்டும்.

காலையில் கொடுத்த பணத்தைப் பாட்டி எண்ணாமல் மடியில் முடிந்துகொண்டு, ஒரு படி சாமையை என் பையில் கொட்டினார். நீங்களும் போய்வாருங்கள். இரவில் நடக்கும்போது டார்ச்சை மட்டும் தாழ்த்திப் பிடியுங்கள்.