அழைப்பவருக்கும் பொறுப்புண்டு

2007 ஜனவரியிலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையிலும் வலப்பனைப் பகுதியின் மலைகள் சரிந்தன. காணியை இழந்த விவசாயி பிழைப்புக்கு எங்கே போவான்? பல குடும்பங்களில் மகனின் சாரதி அனுமதிப்பத்திரமே இன்று காணியாகியிருக்கிறது. மரக்கறி லொறி, பாடசாலை வான், முச்சக்கர வண்டி என்று எமது இளைஞர்கள் பிறருக்காக வண்டி ஓட்டுகிறார்கள். எனவே சாரதியின் பாதுகாப்பைப் பொலிஸாரின் விடயம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. அது எமது சோற்றுப் பிரச்சினை.

எமது வீதிகளை நாம் அறிவோம். இராகலையிலிருந்து வலப்பனை வழியாக ரிகில்லகஸ்கடைக்கு இறங்கும் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். மணிக்கு 40 கிலோமீற்றர் என்ற மிதமான வேகத்திலும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் ஓடிவிடும். தொலைபேசியில் வந்த செய்தியை வாசிக்க ஐந்து விநாடி போதும். அந்த ஐந்து விநாடியில் 55 மீற்றர் தூரத்தைச் சாரதி கண் பாராமல் கடக்கிறார். எமது வீதியில் 55 மீற்றருக்குள் ஒரு வளைவாவது வராமல் இருக்குமா?

இம்மலைகளில் தவறுக்கு இடமில்லை என்பதை அண்மைக்கால விபத்துகள் காட்டின. 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்லை குறுக்கு வீதியில் பஸ், வான், முச்சக்கர வண்டி ஆகியன மோதி ஏழு பேர் மாண்டனர். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இவற்றுக்குத் தொலைபேசியே காரணம் என நாம் கூறவில்லை. பிரேக் நன்றாக இருந்து, சாரதி விழித்திருந்து, கண்ணும் மனமும் வீதியில் இருந்தால்தான் இங்கே வீடு திரும்பலாம் என்பதையே கூறுகிறோம்.

வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொலைபேசியைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். தண்டப்பணம் கட்டுபவர் சாரதி. ஆனால் மறுமுனையில் அழைத்தவர் யார்? “எங்கே நிற்கிறாய்? இன்னும் வரவில்லையா?” என்று கேட்கும் முதலாளி, தம்புள்ளையில் இன்று கோவா என்ன விலை என்று அறியத் துடிக்கும் விவசாயி, சில வேளை வீட்டிலிருந்து மனைவி. முதலாளியின் அழைப்பை எடுக்காவிட்டால் நாளை வேலை இருக்குமோ என்ற பயத்தில்தான் பல சாரதிகள் வளைவிலும் தொலைபேசியை எடுக்கிறார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியவர் மீதும் குற்றத்தில் ஒரு பங்கு விழாதா?

காதில் கருவியை மாட்டிப் பேசினால் ஆபத்தில்லை என்று சிலர் வாதிடுவர். வண்டி ஓட்டும்போது தொலைபேசி பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், கையில் பிடிக்காமல் பேசினாலும் அந்த ஆபத்து பெரிதாகக் குறைவதில்லை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. கை ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருக்கிறது. கடன் தவணை பற்றிய பேச்சானால் மனம் முழுவதுமே அங்கேதான்.

மரக்கறி வியாபாரத்தில் நேரம் காசு என்பதை நாம் மறுக்கவில்லை. லீக்ஸும் கரட்டும் காத்திருக்கமாட்டா. ஆயினும் வழி உண்டு. லொறியில் உதவியாளர் இருந்தால் தொலைபேசி அவர் கையில் இருக்கட்டும். தனியே ஓட்டுபவர் அகலமான ஓரிடத்தில் நிறுத்தி, தவறிய அழைப்புகளுக்குப் பதில் சொல்லட்டும். எங்கெங்கே நிறுத்துவது என்பதைப் புறப்படுமுன் முதலாளியும் சாரதியும் பேசி முடிவு செய்யட்டும். ஓடும் வேளையில் அழைப்பை எடுக்காதவரைக் கண்டிக்கமாட்டோம் என்று முதலாளி வாயால் சொன்னால் போதாது. எழுதி வண்டியில் ஒட்டவேண்டும். நிவாரணப் பொருட்களோடு வண்டி அனுப்பும் எம்மைப் போன்ற வளர்ச்சிப் பணி அமைப்புகளுக்கும் இதே நியதி பொருந்தும்.

இன்னொன்றையும் அறிந்து வைத்திருங்கள். வேலையின் நிமித்தம் நேர்ந்த விபத்தில் தொழிலாளி காயமுற்றாலோ இறந்தாலோ நட்டஈடு வழங்கும் கடமை தொழில்கொள்வோருக்கு உண்டு என 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. யாரிடம், என்ன சம்பளத்துக்கு வேலை செய்கிறோம் என்பதற்கு ஒரு துண்டுக் கடிதமாவது வாங்கி வைப்பது நல்லது. ஆனால் எந்த நட்டஈடும் தகப்பனுக்கு ஈடாகாது.

முதலாளிகளை மாற்றக் காலம் எடுக்கலாம். எமது வீட்டு அழைப்பை நிறுத்த இன்றே முடியும். மகன் வண்டி ஓட்டும் நேரம் எமக்குத் தெரியும். அந்நேரத்தில் அழைக்காதிருப்போம். தவறி அழைத்து, “ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அம்மா” என்று பதில் வந்தால் உடனே வைத்துவிடுவோம். நிலத்தை மண்சரிவு கொண்டுபோனது. அதைத் தடுக்க எம்மால் இயலவில்லை. பிள்ளையைத் தொலைபேசி கொண்டுபோகாமல் தடுக்க எம்மால் இயலும்.