அரச காரியம் என்னும் போர்வை!

நாட்டை ஆள்பவருக்கு ஆயிரம் வேலை. ஒரு சில்லறைக் குற்றச்சாட்டைக் காட்டி அவரை அலைக்கழிப்பது தகுமோ? ஆட்சிபீடத்தில் இருப்போர் ஊழலில் அகப்படும் போதெல்லாம் அவர்தம் துதிபாடிகள் எழுப்பும் கூக்குரல் இது. படித்தவரும் பாமரரும் ஒருங்கே இதற்கு மயங்கிவிடுகின்றனர். வெள்ளம், விலைவாசி, நாணயம், அந்நிய நாட்டுறவு என்று எத்தனையோ பெரிய காரியங்கள் காத்திருக்க, இதையா கிளறுவது என்று தலையசைத்துவிடுகின்றனர்.

இக்கூற்று பொய் என்பதே எமது வாதம். ஊழலை மறைப்பது அரச காரியத்துக்குப் புறம்பான ஒரு சிறு தொல்லையன்று. அரச காரியம் நடக்கும் அதே மேசையில், அதே வேளையில், அதே கைகளால், அரசின் அதே கருவிகளைக் கொண்டே அதுவும் நடத்தப்படுகின்றது. இதனை நாம் ஊகித்துக் கூறவில்லை. குற்றம் புரிந்தோர் தாமே பதிவு செய்து வைத்த சாட்சியம் உலகின் முன் கிடக்கின்றது. 1972ஆம் ஆண்டு யூன் மாதம் 23ஆம் திகதி, அமெரிக்க ஜனாதிபதி றிச்சட் நிக்ஸனும், வெள்ளை மாளிகைப் பணியாளர் தலைவரும் அந்தரங்க ஆலோசகருமான எச். ஆர். ஹால்டிமனும் உரையாடிய ஒலிநாடாவே அச்சாட்சியம்.

அந்த வெள்ளிக்கிழமை

அதற்கு ஆறு நாள் முன்பு, யூன் 17ஆம் திகதி விடியுமுன், வாஷிங்டன் நகரின் வாட்டர்கேட் கட்டிடத்தில் ஐவர் கைதாயினர். எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தலைமைக் காரியாலயத்துள், ஒட்டுக்கேட்கும் கருவிகளோடு அவர்கள் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவரான மக்கோர்ட், நிக்ஸனின் மறுதேர்தற் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பாளர். வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலாளரோ, "மூன்றாந்தரத் திருட்டு முயற்சி" என்று கூறி அதனை ஒதுக்கித் தள்ளினார்.

ஆனால் காசுக்கு வாயுண்டு. கைதானவரிடம் அகப்பட்ட நோட்டுகளின் இலக்கங்களைப் பின்தொடர்ந்த புலனாய்வுத் துறையினர், மயாமி நகர வங்கியொன்றை அடைந்தனர். நிக்ஸனின் தேர்தல் நிதிக்குச் சேர்ந்த காசோலைகள், கைதானோருள் ஒருவரின் கணக்கில் அங்கே இடப்பட்டிருந்தன. அவற்றுட் சில மெக்சிக்கோ நாட்டு வங்கி வழியே சுற்றி வந்தவை. இன்னும் ஓரடி வைத்தால் திருடனின் தடம் எசமானின் முற்றத்திற்கே இட்டுச் செல்லும் என்ற நிலை.

அவ்வேளையிற்றான் 23ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணி கடந்ததும் ஹால்டிமன் தம் தலைவர் முன் அமர்ந்தார். புலனாய்வுத் துறை எம் கட்டுக்குள் இல்லை, பணத்தின் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அறிவித்தார். பரிகாரத்தையும் அவரே கொண்டு வந்திருந்தார். மத்திய உளவு நிறுவனத்தின் துணைத் தலைவர் வோல்ட்டர்ஸைக் கொண்டு, புலனாய்வுத் துறையின் பதில் தலைவர் கிரேயை அழைத்து, இதில் தலையிடாதே என்று சொல்லவைப்பது. நிக்ஸன் மறுத்தாரில்லை, தயங்கினாருமில்லை. எதைச் சொல்லி அச்சுறுத்த வேண்டும், எந்தப் பழைய கியூபா விவகாரத்தை நினைவூட்ட வேண்டும் என்று தாமே பாடமும் சொல்லிக் கொடுத்தார். அன்று பிற்பகலே ஹால்டிமன், உளவு நிறுவனத் தலைவரையும் துணைத் தலைவரையும் வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் காரியத்தைத் தொடக்கிவிட்டார்.

பவுணும் காசோலையும்

நிற்க. அந்த உரையாடல் முழுவதும் ஊழலைப் பற்றியதன்று. நாம் வாசகரை ஊன்றிக் கவனிக்கச் சொல்வது இதனையே. இடையிடையே நாட்டுக் காரியங்களும் வந்துபோகின்றன. ஜனாதிபதியின் மனைவியும் புதல்வியரும் தேர்தற் பயணம் செல்லும் விதம், ஜனாதிபதி எழுதிய நூலை அவர்தம் ஆட்கள் படிக்கவேண்டியதன் அவசியம் முதலிய சங்கதிகளும் இடம்பெறுகின்றன. அவற்றுக்கு நடுவே, பிரித்தானியா தன் பவுண் நாணயத்தின் நிலைத்த மதிப்பைக் கைவிட்டு மிதக்கவிட்ட செய்தியை ஹால்டிமன் கூறுகின்றார். உலக வாணிபத்தையே உலுக்கக்கூடிய செய்தி! விளக்கம் வேண்டுமா என்று கேட்டதற்கு, அது தமக்கு மிகவும் சிக்கலான விடயம் என்று நிக்ஸன் தட்டிக்கழிக்கின்றார். இத்தாலியரின் லீரா நாணயத்தைப் பற்றி மத்திய வங்கித் தலைவர் கவலையுறுகின்றார் என்றதும், அச்சிலேறத் தகாத ஒரு சொல்லால் அக்கவலையை உதறுகின்றார்.

பவுணின் மதிப்பு எம்மவர்க்கும் அந்நியமான சங்கதியன்று. இலங்கைத் தேயிலையின் ஒரு பகுதி இலண்டன் ஏலத்தில் பவுணுக்கு விலைபோன காலம் அது. ஒரு நாணயம் சரிந்தால் எத்தனை நாடுகளில் எத்தனை உழைப்பாளரின் அடுப்பு அணையும் என்பதை விளைபொருளை விற்று வாழ்பவன் அறிவான். அத்தகைய காரியம் வல்லரசின் தலைவருக்குச் "சிக்கலானது". ஆனால் மயாமிக் காசோலை எவருடையது, மெக்சிக்கோவில் எவர் கைமாற்றினார், எவர் வாய் திறப்பார், எவர் திறவார் என்பன அவருக்குச் சிக்கலாகத் தோன்றவில்லை. அவற்றைக் கேட்க நேரம் இருந்தது. துருவி வினவப் பொறுமையும் இருந்தது.

அதே நாளிற்றான் பென்சில்வேனியா மாநிலத்தில், ஆக்னெஸ் சூறாவளி மழையால் பெருகிய சஸ்குவெகன்னா ஆறு, வில்க்ஸ்-பார் நகரை மூழ்கடித்தது. அதே நாளிற்றான், கல்விக்கூடங்களில் பெண்ணென்ற காரணத்தால் எவரையும் ஒதுக்கலாகாதென விதிக்கும் கல்விச் சட்டத்திற்கு நிக்ஸன் கையொப்பமிட்டார். அச்சட்டம் நல்ல சட்டம்; அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின் ஒரே நாளில் ஒரே மனிதன் நல்ல சட்டத்திற்குக் கையொப்பமும் நீதியைத் தடுக்க ஆணையும் இடுகின்றான் என்றால், முன்னதைக் காட்டிப் பின்னதை மன்னிக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? ஊர் வாய்க்காலுக்கு அணைகட்டிய மண்வெட்டியாலேயே இரவில் அயலான் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியவனை, அணைகட்டிய புண்ணியத்திற்காக எந்தக் கமக்காரன் விட்டுவைப்பான்?

நாட்டின் பொருட்டாம்!

புலனாய்வை நிறுத்தச் சொல்லும்போது எக்காரணத்தைக் கூறவேண்டும் என்பதையும் நிக்ஸன் வகுத்துக் கொடுத்தார். நாட்டின் பொருட்டு இவ்வழக்கில் மேலே செல்ல வேண்டாம் என்று சொல்லப்பட வேண்டுமாம்! வாசகர்களே, இச்சொல்லைக் குறித்துக் கொள்ளுங்கள். தன் கட்சியின் கள்ளப் பணத்தை மறைப்பதற்கு நாட்டின் பெயர்! தன் ஆட்களைக் காப்பதற்குத் தேசப் பாதுகாப்பின் பெயர்! இம்மருந்து அமெரிக்காவில் மட்டும் விற்கப்படுவதன்று.

இந்த நாடகம் அதிக நாள் நிலைக்கவில்லை. உளவு நிறுவனப் பணத்தில் கைதிகளுக்குப் பிணையும் சம்பளமும் கொடுக்கும்படி வெள்ளை மாளிகைச் சட்டத்தரணி ஜோன் டீன் கேட்டபோது வோல்ட்டர்ஸ் மறுத்தார். யூலை 6ஆம் திகதி கிரே, தங்களைச் சூழ்ந்திருப்போரே தங்களுக்குப் பேராபத்தை விளைவிக்கின்றனர் என்று ஜனாதிபதிக்கே தொலைபேசியில் எச்சரித்தார். ஆயினும் அதற்குள் புலனாய்வு ஏறத்தாழ இரண்டு வாரம் தடைப்பட்டுவிட்டது. நவம்பர் தேர்தலில் 49 மாநிலங்கள் நிக்ஸனுக்கு வாக்களித்தன. தாம் எதற்கு வாக்களிக்கின்றனர் என்பதை அறியாதவாறு அம்மக்களின் கண்கள் கட்டப்பட்டிருந்தன.

1973 ஏப்ரில் 30ஆம் திகதி, மறைப்பு அவிழத் தொடங்கியதும், ஹால்டிமன் பதவி விலகினார். அன்றிரவு நாட்டு மக்களுக்கு நிக்ஸன் கூறிய சமாதானம் என்ன? 1972ஆம் ஆண்டில் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பாரிய காரியங்கள் இருந்தமையால், ஜனாதிபதிப் பணியை முதலாவதாகவும் அரசியலை இரண்டாவதாகவும் கொண்டு, தேர்தல் அலுவலைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டாராம்! அரச காரியம் என்னும் போர்வை இதுவே. பவுணின் விளக்கத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டுக் காசோலையின் விளக்கத்தைக் கேட்டிருந்த மனிதர், பவுணைப் பார்த்துக்கொண்டிருந்ததால் காசோலையைப் பார்க்கவில்லை என்றார். 1974 சனவரியில் கொங்கிரஸ் முன் நின்று, வாட்டர்கேட்டுக்கு ஓராண்டு போதும் என்றும் அறிவித்தார்.

இடித்துரையாத ஆலோசகர்

ஆலோசகரைப் பற்றியும் ஒரு சொல். அரசனுக்கு இடித்துரைப்பார் துணை வேண்டும் என்பது வள்ளுவர் காலம் முதல் நாம் கேட்டுவரும் நெறி. விளம்பரத் தொழிலில் வளர்ந்த ஹால்டிமன், எள் என்னுமுன் எண்ணெயாய் நிற்கும் இனம். அக்காலை உரையாடலில், அகப்பட்டுக்கொள்வோமா என்ற கேள்வி உண்டு. எவர் தாங்குவார், எவர் தாங்கார் என்ற கணக்கும் உண்டு. இது முறையா என்ற ஒரு கேள்வி மட்டும் இல்லை. திறமைக்குக் குறைவில்லை, ஒழுங்குக்குக் குறைவில்லை. அறம் ஒன்றே இல்லை. அத்தகைய திறமை ஆட்சிக்குத் துணையன்று, நஞ்சு. 1975 சனவரி முதலாந் திகதி ஹால்டிமன் சதி, நீதிக்கு இடையூறு, பொய்ச்சத்தியம் ஆகிய குற்றங்களுக்கு ஆளானார். பதினெட்டு மாதம் சிறையிருந்தார். அவர்தம் எசமானோ, 1974 செப்டெம்பர் 8ஆம் திகதி புதிய ஜனாதிபதி ஃபோர்ட் வழங்கிய முழு மன்னிப்பினால், ஒரு நாளேனும் நீதிமன்றக் கூண்டில் நிற்கவில்லை. ஏவியவன் வீட்டில், ஏவப்பட்டவன் சிறையில்!

அன்று நீதிமன்றம், இன்று நீதிமன்றம்

எனினும் அன்று ஒரு காவல் இருந்தது. ஒலிநாடாக்களை ஒப்படைக்க மறுத்த நிக்ஸனுக்கு எதிராக, 1974 யூலை 24ஆம் திகதி உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதியரசரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். அவர்களுள் மூவர் நிக்ஸனே நியமித்தவர். உப்பிட்டவரை விடச் சட்டம் பெரிதென அவர்கள் கண்டனர். ஓகஸ்ட் 5ஆம் திகதி யூன் 23 உரையாடல் வெளிவந்தது. 9ஆம் திகதி நிக்ஸன் பதவி நீங்கினார். அதுவரை அவரைத் தாங்கிநின்ற கட்சியினரும், அந்த ஒரு காலைப்பொழுதின் பேச்சைப் படித்த பின் தாங்க முடியாது கைவிட்டனர்.

பின்னர் 1977இல், ஜனாதிபதி செய்தால் அது சட்டவிரோதமாகாது என்று ஒரு செவ்வியில் நிக்ஸன் கூறியபோது உலகம் நகைத்தது. இன்று நகைப்பதற்கில்லை. 2024 யூலை முதலாந் திகதி, ட்றம்ப் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றென்ற பெரும்பான்மையால் அளித்த தீர்ப்பு வேறுவிதமானது. ஜனாதிபதியின் தனி அதிகாரத்திற்குட்பட்ட செயல்களுக்குக் குற்றவியல் வழக்கிலிருந்து முழுப் பாதுகாப்பு. ஏனைய உத்தியோகச் செயல்களுக்கும் பாதுகாப்பு உண்டென்ற அனுமானம். அவர் உட்கருத்தை ஆராய நீதிமன்றத்துக்குத் தடை! நீதித் திணைக்களத்தாரோடு அவர் நடத்தும் ஆலோசனைகளும் இக்கவசத்துள் அடங்குமாம். அன்றைய எண்மரின் ஒருமித்த குரலில் நிக்ஸன் நியமித்த மூவர் இருந்தனர். இன்றைய அறுவரிலும் வழக்காளியான ட்றம்பே நியமித்த மூவர் இருந்தனர். ஒப்புநோக்குவதை வாசகரிடமே விடுகின்றோம்.

புலனாய்வை நிறுத்தும் ஆணை, ஜனாதிபதியின் மேசையிலிருந்து அரச அதிகாரிகள் வழியே சென்றது. அது "உத்தியோகச் செயல்" அல்லவென்று இத்தீர்ப்பின் கீழ் எவர் துணிந்து கூறுவர்? மேசை அரசுடையது, தொலைபேசி அரசுடையது, கேட்போர் அரச ஊழியர். ஆகவே குற்றமும் அரச காரியமே என்றாகிவிடாதோ? துதிபாடிகளின் கூக்குரலாக இருந்தது இன்று நீதியரசரின் கோட்பாடாகிவிட்டது. போர்வைக்குச் சட்டமே கரைகட்டிவிட்டது.

எமது நாட்டவர்க்கு இது தூரத்து இடிமுழக்கமன்று. 1978ஆம் ஆண்டு யாப்பின் 35ஆம் உறுப்புரை, ஜனாதிபதி பதவியிலிருக்குங் காலத்தில் அவர்மீது வழக்குத் தொடரும் கதவைச் சாத்தியது. 2015இல் 19ஆம் திருத்தம், உத்தியோகச் செயல்கள் குறித்த அடிப்படை உரிமை மனுக்களுக்காக மட்டும் ஒரு சிறு திறப்பை ஏற்படுத்தியது. முழுக் கதவு, பதவி போன பின்னரே திறக்கும். நிர்வாக ஜனாதிபதி முறையின் நன்மை தீமையை நிறுப்போர், 1972 யூன் 23ஐயும் அத்தராசில் வைக்கட்டும்.

சட்டத்தரணி, வைத்தியர், ஆசிரியர், எழுதுவினைஞர், கமக்காரர் ஆகிய எம் வாசகர் யாவருக்கும் நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. ஆள்பவர் வேலைப்பளுவைச் சாட்டும்போது பிரமித்து நில்லாதீர்கள். விசாரணையை நிறுத்தச் சொன்னவர் யார்? எவருக்குச் சொன்னார்? எவர் பணத்தை மறைக்கச் சொன்னார்? இம்மூன்றையும் கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள். கணக்காய்வாளனையும் புலனாய்வாளனையும் நீதிபதியையும் ஆள்பவரின் கைக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். வேலி பயிரை மேய்ந்துவிட்டு, வேலியாக நிற்பதே தனக்குப் பெரும் வேலை என்று சொன்னால், வேலிக்கு இரங்குவது பேதைமை. பயிர் எமது, வேலியும் எமது. பிடுங்கி நடும் உரிமையும் எமதே!