பயாஸைத் தொடாதே என்பது பாதி உண்மைதான்

ஹாஸ்டலில் யாராவது "பயாஸ் அப்டேட் பண்ணட்டுமா?" என்று கேட்டால் போதும், நாலு ரூமிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "நல்லா ஓடுற சிஸ்டத்தை எதுக்குடா நோண்டுற?" இந்தப் பயத்தில் நியாயம் இருக்கு. ஆனால் அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து.

முதலில் நியாயமான பாதி. பயாஸ் இருப்பது எஸ்.எஸ்.டி-யில் இல்லை. மதர்போர்டில் பெரும்பாலும் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப்பில் இருக்கு. இப்போதைய போர்டுகளில் அதன் அளவு 16 அல்லது 32 எம்.பி. அப்டேட் என்றால் அந்தச் சிப்பை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது. பாதியில் கரண்ட் போனால், விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணுவது மாதிரி பண்ணிக்கலாம் என்று இருக்க முடியாது. ரீஇன்ஸ்டால் பண்ணவே போர்டு முதலில் ஆன் ஆகணுமே! 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.ஹெச் வைரஸ் பல கம்ப்யூட்டர்களை முடக்கியது இதே சிப்பில் குப்பையை எழுதித்தான்.

இப்போ மீதிப் பாதி. 2023-இல் ஏ.எம்.டி-யின் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. தீர்வாக வந்தது, எஸ்.ஓ.சி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகவிடாத பயாஸ் அப்டேட். 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் அதிக வோல்டேஜ் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டன. அதற்கான மைக்ரோகோடும் பயாஸ் வழியாகத்தான் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை அந்த அப்டேட் சரிசெய்யாது; இனிமேல் கெடாமல் தடுக்கும், அவ்வளவுதான். அதாவது, "நல்லாத்தானே ஓடுது" என்று சும்மா இருந்தவர்களுக்குத்தான் நஷ்டம்.

அதுக்காகப் புது வெர்ஷன் வந்த அன்னைக்கே ஓடணுமா? வேணாம். காரணம் இருந்தால் மட்டும் பண்ணுங்க. புது ப்ராசஸர் மாட்டப் போறீங்க, ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்கிறாங்க, உங்களுக்கு இருக்கிற பிரச்சினை ரிலீஸ் நோட்டில் இருக்கு: இந்த மூணில் ஒண்ணு போதும். பீட்டா வெர்ஷன் பக்கமே போக வேணாம். போர்டு கம்பெனிகள் மேல் எனக்கு இங்கே ஒரு கோபம் உண்டு. ரிலீஸ் நோட் என்ற பெயரில் "சிஸ்டம் ஸ்டெபிலிட்டி மேம்படுத்தப்பட்டது" என்று ஒரே வரி போட்டால், எதை வைத்து ஒருத்தன் முடிவெடுப்பான்?

பண்ணுவது என்று முடிவெடுத்தால், சரியான ஃபைலை எடுப்பதுதான் முதல் வேலை. போர்டு பெயர் மட்டும் பத்தாது. ஒரே பெயரில் ரிவிஷன் 1.0, 2.0 என்று வரும், ஃபைலும் மாறலாம். ரிவிஷன் எண் போர்டிலேயே அச்சிட்டிருக்கும். ஃபைலைக் கம்பெனி தளத்தில் மட்டும் எடுங்க. லேப்டாப் என்றால் கம்பெனி சொல்லும் வழியையே பின்பற்றுங்க. சார்ஜர் மாட்டியிருக்கணும், பேட்டரியிலும் சார்ஜ் இருக்கணும். டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள்ளிருந்து ஃப்ளாஷ் பண்ண வேணாம், நடுவில் ஹேங் ஆனால் கதை முடிஞ்சது. ஃபேட்32-இல் ஃபார்மட் பண்ணின பென்டிரைவில் ஃபைலைப் போட்டு, பயாஸுக்குள்ளேயே இருக்கும் இ.இசட் ஃப்ளாஷ், எம்-ஃப்ளாஷ், க்யூ-ஃப்ளாஷ் மாதிரி டூல் வழியாகப் பண்ணுங்க. ஓவர்கிளாக் பண்ணியிருந்தால் முதலில் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாங்க.

யு.பி.எஸ் கட்டாயம். ஹாஸ்டலில் ஜெனரேட்டர் இருக்கே என்று நம்ப வேணாம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளே சிப்பைக் கெடுக்கப் போதும்.

நம்மில் பலர் மறப்பது பிட்லாக்கர். விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் என்க்ரிப்ஷன் நமக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கும். பயாஸ் மாறியதும் டி.பி.எம் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். கீ இல்லையென்றால் போர்டு நல்லா இருக்கும், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் உள்ளேயே பூட்டிக்கிடக்கும். முன்னாடியே கீயை வேறு இடத்தில் எழுதி வைங்க, பிட்லாக்கரை சஸ்பெண்ட் பண்ணுங்க.

முடிந்த பிறகு முதல் பூட்டில் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கலாம், முக்கியமாக டி.டி.ஆர்5 போர்டுகளில். ரேமைப் பழக்கிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். பயந்து பவரைப் பிடுங்காதீங்க. செட்டிங்ஸ் டீஃபால்ட்டுக்குப் போயிருக்கும். விர்ச்சுவலைசேஷன் ஆஃப் ஆகியிருந்தால் லேபில் விர்ச்சுவல்பாக்ஸ் திறக்காது, மறுபடி ஆன் பண்ணிக்கோங்க.

இவ்வளவுக்கும் பிறகு போர்டு எழுந்திருக்கவில்லை என்றால்? சில கடைகளில் "போர்டு போச்சு, புதுசு போடணும்" என்பார்கள். உடனே நம்ப வேணாம். போனது பெரும்பாலும் சிப்பில் இருக்கும் டேட்டாதான். கிளிப்பும் ப்ரோகிராமரும் வைத்து மறுபடி எழுத முடியும். சிப் 3.3 வோல்ட்டா 1.8 வோல்ட்டா என்று டேட்டாஷீட் பார்க்கத் தெரிந்த ஒரு ஈ.சி.ஈ ஸ்டூடண்ட்டுக்கு இது மிரள வேண்டிய வேலையே இல்லை. நம்ம லேபில் ஒரு ப்ரோகிராமர் வாங்கி வைத்தால், வருஷத்துக்கு ஒரு போர்டைக் காப்பாற்றினாலே காசு தேறிடும்.

உண்மையான தீர்வு போர்டிலேயே இருக்கு. ப்ராசஸர், ரேம் எதுவும் இல்லாமல், ஒரு பட்டனை அமுக்கினால் பென்டிரைவிலிருந்து பயாஸை எழுதும் ஃப்ளாஷ்பேக் வசதி. இது இருந்தால் பாதியில் கரண்ட் போனாலும் மறுபடி பண்ணிக்கலாம். ஆனால் விலை குறைந்த போர்டுகள் பலவற்றில் இந்தப் பட்டன் இல்லை. இன்னொரு போர்டு வாங்க வழியில்லாதவன் வாங்குவதும் அந்த விலை குறைந்த போர்டைத்தான். பாதுகாப்பு அவனுக்குத்தானே முதலில் வேணும்? அடுத்த முறை போர்டு வாங்கும்போது கலர் லைட்டைப் பார்க்காதீங்க, பின்னாடி அந்தப் பட்டன் இருக்கான்னு பாருங்க. நாம கேட்டு வாங்கினால்தான் கம்பெனிக்காரனும் எல்லா போர்டிலும் வைப்பான்.