பழைய காளானுக்குப் புதுப் பெயர்

மழை விட்டதும் புற்றில் முளைக்கும் காளானைத் தமிழர் நன்கறிவர். இலங்கையிலிருந்து போன அத்தகைய காளான் ஒன்றுக்கு 1847-ல் இங்கிலாந்துப் பாதிரியார் பெர்க்லி பெயர் சூட்டினார். அதை அவர் சேர்த்தது ‘அகாரிகஸ்’ கூட்டத்தில். அந்நாளில் குடைக்காளான்கள் அநேகமாக அந்த ஒரே பட்டியில்தான் அடைபட்டன! 1942-ல்தான் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜர் ஹீம், கறையான் வளர்க்கும் காளான்களை ‘டெர்மிட்டோமைசிஸ்’ என்று பிரித்தார்.

பெர்க்லியின் சேகரம் லண்டன் கியூ தோட்டத்தில் இருக்கிறது. 1986-ல் டேவிட் பெக்ளர் இலங்கைக் காளான்களை மறுபடி ஆராய்ந்து நூலே வெளியிட்டார். ஆனால் காய்ந்த காளானில் நிறமுமில்லை, மணமுமில்லை. உண்ணத்தக்கது எது, நஞ்சு எது என்று சொல்லவும் சரியான பெயர் வேண்டும். பழைய மாதிரிகளில் மரபணுவும் சிதைந்து போவதால், முதலில் பறித்த சீமையிலேயே புதிதாகப் பறித்து ஒப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கு அந்தக் காடு மிஞ்சியிருக்க வேண்டுமே!