பிளாஸ்க் தண்ணீரில் பால் கரைக்காதீர்கள், தோழர்களே!

பச்சிளங்குழந்தை வார்டுகளில் வேலை பார்க்கும் செவிலியர் தோழர்களே, உதவிப் பணியாளர்களே! இன்றைய நைட் டியூட்டிக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் மேசையில் இருக்கும் பால் பவுடர் டின் கிருமி நீக்கிய பொருள் அல்ல. சீல் உடைக்காத டின்னுக்கும் இதுதான் கதி. பாலைச் சூடாக்கும்போது கிருமி சாகிறது, சரி. ஆனால் சூடு தாங்காத சத்துகளைப் பவுடர் உலர்ந்த பிறகுதான் பல ஆலைகளில் கலக்கிறார்கள். அப்போதோ, டின்னில் அடைக்கும்போதோ குரோனோபாக்டர் சகாசாகி என்ற பாக்டீரியா உள்ளே வந்துவிடலாம். காய்ந்த பவுடரில் அது பெருகாது. ஆனால் சாகாமல் மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூடக் கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டதும் பெருகத் தொடங்கும்.

2001 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நம் வார்டு போன்ற ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில், குறைமாதத்தில் பிறந்த ஒரு ஆண் குழந்தைக்கு இந்தக் கிருமியால் மூளைக்காய்ச்சல் வந்தது. குழந்தை இறந்துவிட்டது. தேடியபோது, அங்கே பயன்படுத்திய பவுடரின் திறக்காத டின்னிலும் அதே கிருமி இருந்தது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள், அதிலும் குறைமாதக் குழந்தைகள், எடை குறைந்தவர்கள்: இவர்களைத்தான் இந்தக் கிருமி தேடிப் பிடிக்கிறது. இந்த மூளைக்காய்ச்சலில் பிழைக்கும் குழந்தைகளிலும் பலருக்கு மூளைப் பாதிப்பு தங்கிவிடுகிறது.

இப்போது நம் பிளாஸ்குக்கு வருவோம். ராத்திரி பத்து மணிக்குக் கொதிக்கவைத்து நிரப்புகிறோம். இரண்டு மணி ஃபீடுக்குத் திறந்து ஊற்றினால் கை பொறுக்கும் சூடுதான் இருக்கிறது. ‘கொதிச்ச தண்ணிதானே சிஸ்டர்’ என்கிறோம். தோழர்களே, தண்ணீர் சுத்தமாக இருந்தால் போதாது, பவுடரில் உள்ள கிருமியைக் கொல்லும் சூடு அந்தத் தண்ணீரில் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் 2007-லேயே சொல்லிவிட்டன: 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத தண்ணீரில்தான் பவுடரைக் கரைக்க வேண்டும். தண்ணீர் கொதித்து அரை மணிக்குள் கரைத்துவிட வேண்டும். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து, குழந்தை குடிக்கும் சூட்டுக்கு ஆற்றிக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காததைக் கீழே கொட்டுங்கள். பல டின்களில் தண்ணீரை வெதுவெதுப்பாக ஆறவிடச் சொல்லி அச்சிட்டிருக்கிறது. அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பாத்திரமும் அவ்வளவு முக்கியம். பாட்டிலின் மூடித் திருகில், நிப்பிளின் உள்விளிம்பில் பால் படிந்து மெல்லிய படலமாகிவிட்டால், அலசினால் போகாது. நம் பாலாடை எவ்வளவு நல்ல பாத்திரம்! திறந்த வாய், ஒளிவதற்கு மூலையில்லை. தேய்த்துக் கொதிக்கவைத்தால் முடிந்தது. மருத்துவ நூல்களில் பேர் வாங்கிய பாத்திரத்தை நாமே ஓரங்கட்டலாமா?

2016-இல் பென்சில்வேனியாவில் ஒரு குறைமாதக் குழந்தைக்கு இதே தொற்று வந்தபோது, தாய்ப்பால் எடுக்கும் பம்பிலும் வீட்டு சிங்க்கின் வடிகாலிலும் கிருமி இருந்தது. பம்பின் பாகங்களை சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் ஊறவைத்து, தேய்க்காமல் அலசியிருந்தார்கள். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று நாம் யாருக்காவது இதைச் செய்து காட்டுகிறோமா?

பிளாஸ்க் வைப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல, எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு இத்தனை குழந்தைகள் என்றால் ஒவ்வொரு ஃபீடுக்கும் தண்ணீர் கொதிக்கவைக்க எங்கே நேரம்? அதனால்தான் கேட்க வேண்டும். வார்டுக்கு ஒரு கெட்டில், ஒரு தெர்மாமீட்டர், பால் கலக்கத் தனி மேசை, ஐந்து டிகிரிக்குள் நிற்கும் ஃபிரிட்ஜ், ராத்திரியில் கூடுதலாக ஒரு ஆள். தாய்ப்பால் வங்கி உள்ள இடத்தில், குறைமாதக் குழந்தைக்கு அந்தப் பால் கிடைத்தால் டின்னைத் திறக்காதீர்கள். இலவச சாம்பிளோடும் சுவரொட்டியோடும் வரும் கம்பெனி ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். குழந்தைப் பால் மாற்றுப் பொருள்கள் பற்றிய 1992-ஆம் ஆண்டுச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது.

எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டுக் கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். மிச்சிகனில் ஸ்டர்ஜிஸ் ஊரிலுள்ள அபாட் கம்பெனியின் பால் பவுடர் ஆலையைப் பற்றி ஒரு முன்னாள் தொழிலாளி 2021 அக்டோபரில் புகார் அனுப்பினார். அதன் பிறகு அரசு ஆய்வாளர்கள் அங்கே ஆய்வு தொடங்க 2022 ஜனவரி கடைசி ஆகிவிட்டது. ஆலைக்குள் குரோனோபாக்டர் இருந்தது. அந்த ஆலைப் பவுடரைக் குடித்திருந்த, நோயுற்ற குழந்தைகளிடம் கண்ட கிருமி அதுவேதான் என்று மரபணுச் சோதனை காட்டவில்லை. ஆனாலும் அத்தனை மாதம் ஒரு தொழிலாளியின் எச்சரிக்கை கிடப்பில் கிடந்ததே, அதை எப்படிப் பொறுப்பது?

நம் கடிதம் அப்படிக் கிடக்கக் கூடாது. நாளைக் காலை ஷிப்ட் மாறும்போது இரண்டு ஷிப்டும் சேர்ந்து நில்லுங்கள், கையெழுத்துப் போடுங்கள், ஒருவர் அல்ல, எல்லோருமாகக் கொண்டுபோய்க் கண்காணிப்பாளர் கையில் கொடுங்கள். அதுவரை, இன்று ராத்திரி இரண்டு மணி ஃபீடுக்குத் தண்ணீரைப் புதிதாகக் கொதிக்கவையுங்கள்.